ஜலதோஷம் வந்த வீடு

ஜலதோஷத்தை ஒரு வியாதி என்று சொன்னால் எங்கள் ஆத்தூரில் சிரிப்பார்கள். "இதற்கெல்லாமா லீவு?" என்று ஆபீசில் கேட்பார்கள். மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்ற பழைய வேடிக்கையை யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். வேடிக்கை பொய்யில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் வருவது ஒரே மாதிரி ஜலதோஷமில்லை. 2025 டிசம்பரில், மார்கழிப் பனியில், இதை நான் கண்ணாரக் கண்டேன்.

முதலில் அதைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தவன் ஆறு வயதுப் பெரியவன். பனிதான் காரணம் என்றார் என் மாமியார். பனி வெறும் உடந்தை; குற்றவாளி பெரும்பாலும் ரைனோ வைரஸ் என்ற கிருமி. 'ரைனோ' என்றால் கிரேக்க மொழியில் மூக்கு. பெயருக்கேற்ப, உடம்புச் சூட்டைவிடச் சற்றுக் குளிர்ந்த மூக்குதான் அதற்குப் பிடித்த இடம். இதை 1956-லேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். இருந்தும் தடுப்பூசி இல்லை. 150-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கும்போது எதற்கென்று போடுவது? மூக்கைத் துடைத்த கை, கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர் டம்ளர், அடுத்தவர் கை, அவர் கண், மூக்கு என்று அது வீட்டைச் சுற்றி வந்துவிடும்.

நாலாம் நாள் பையனின் சளி பச்சையாயிற்று. ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். நிறம் மாறுவது உடம்பு கிருமியோடு மல்லுக்கு நிற்பதால்தான். வைரஸை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. ஐந்தாம் இரவு காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டை. அது அடைத்துக்கொண்டால் செவிப்பறைக்குப் பின்னே நீர் தேங்கிவிடுமாம். டாக்டர் பார்த்து வலிக்கு மருந்து கொடுத்தார்.

என் கணவருக்கு மூன்று நாள் தும்மல். வீடே அதிர்ந்தது, அதோடு சரி. மாமியாருக்குத்தான் பழைய இழுப்பு கிளம்பிவிட்டது. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஜலதோஷம் நேரே மார்பில் கை வைக்கும். 'இன்ஹேலர்' துணையோடு இரண்டு இரவு உட்கார்ந்தபடியே கழித்தார், பாவம்.

கடைசியாக ஏழு மாதக் குழந்தை. மூக்கடைத்ததால் பால் குடிக்க முடியவில்லை. இரண்டு வாய் இழுப்பாள், விட்டுவிட்டு அழுவாள்.

"பெரியவனுக்கு வாங்கின இருமல் மருந்து பாதி இருக்கே, அரை ஸ்பூன் ஊத்து, கண்ணு" என்றார் மாமியார்.

"வேண்டாம் அத்தை" என்றேன்.

காரணம் இருந்தது. அதே ஆண்டுதான் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. அக்டோபரில் மத்திய அரசு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே வேண்டாமென்று டாக்டர்களுக்குச் சொல்லியிருந்தது. விஷமில்லாத நல்ல மருந்தானாலும் பச்சைக் குழந்தைக்கு அதனால் பெரிய பலன் கிடையாது. தேனும் ஒரு வயது நிறையும் வரை ஆகாது.

மூக்குக்கென்று விற்கும் உப்புநீர்ச் சொட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்தேன். பிறகு கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். இது தாய்மார்கள் எல்லோரும் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த அளவைத் தொட்டாலே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான். மூச்சு இழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பாலை அடியோடு மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டுகூட நிற்கக் கூடாது.

மாலையில் 44 இருந்தது. இரவு இரண்டு மணிக்கு 58. விலாவின் கீழே குழியும் விழுந்தது. அந்தப் பனியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரலின் சிறு குழாய்கள் வீங்கியிருப்பதாகச் சொல்லி, இரண்டு நாள் பிராணவாயு வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை, நிறுத்தாமல் வயிறு நிறையக் குடித்துவிட்டு என் புடவையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவனின் இருமல் மட்டும் பொங்கல் வரைக்கும் எங்களோடு இருந்தது.