வாலும் கண்ணும்

மீன் பிடிப்பதைப் பற்றி எழுதப் போகிறோம் என்றவுடன் நேயர்களில் சிலர் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடும். நாமும் மீன் உண்ணும் வழக்கமில்லாதவர்தாம். ஆயினும் ஓர் ஐப்பசி மாதத்தில், பகல் இரண்டு மணி முதல் இருட்டும் வரையில், மிஸிஸிப்பி நதியின் நடுவே ஒரு சிறு படகில், தூண்டில் பிடிப்போர் இருவருக்கு மத்தியில் அமர்ந்திருந்தோம். அன்று நடந்த ஓர் அற்ப சம்பவம் இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லிவிடுவதே நலம்.

நம் சகோதரியின் குமாரன் அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்தில் உத்தியோகம் பார்க்கிறான். அவனுடைய அடுத்த வீட்டுக்காரர் ஒரு கிழவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு படகு உண்டு. ரெட் விங் என்னும் ஊருக்குச் சற்று மேலே, மூன்றாம் எண் அணைக்குக் கீழ்ப்புறம், எங்களை அழைத்துச் சென்றார். இரு கரையிலும் செங்குத்தான குன்றுகள். மேப்பிள் மரங்களில் பாதி இலை உதிர்ந்துவிட்டது. மீதி இலைகள் குங்கும நிறமாக இருந்தன. குளிரோ, நாம் அணிந்திருந்த இரண்டு கம்பளிச் சட்டைகளையும் லட்சியம் செய்யவில்லை.

"ஏன் இவ்வளவு குளிரில் வருகிறீர்கள்? கோடையில் வரக் கூடாதோ?" என்று கேட்டோம். அவர் சொன்ன விவரம் சுவையானது. கோடையில் மீன்கள் நதி முழுவதும் சிதறிக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் நீர் குளிரக் குளிர, சிறு மீன்கள் இடம் பெயரும். அவற்றைத் தின்னும் பெரிய மீன்கள் பின் தொடர்ந்து, மேல் நோக்கி நீந்தி வரும். குளிர்காலத்தை ஆழமான மடுக்களில் கழித்து, வசந்தத்தில் முட்டையிட வேண்டுமல்லவா? வரும் வழியில் அணை குறுக்கிடுகிறது. அதன் அடியில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அந்த அணை பாசனத்துக்காகக் கட்டியதன்று. ஒன்பது அடி ஆழம் எப்பொழுதும் நிற்கும்படி செய்து, சரக்குப் படகுகள் செல்வதற்காக 1930-களில் அந்நதியில் வரிசையாக எழுப்பிய அணைகளில் அதுவும் ஒன்று. படகுக்காகக் கட்டினார்கள்; மீன் பிடிப்பவனுக்கு யோகம் அடித்தது! ஆனால் அணையின் வாயருகே படகு போகக் கூடாதென்று எல்லை வகுத்திருக்கிறார்கள். அங்கே புரளும் நீரைப் பார்த்தபோது, அந்த எல்லையை மீற நமக்குச் சிறிதும் ஆசை உண்டாகவில்லை.

அங்கு அகப்படுபவை முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று வால்-ஐ, மற்றொன்று ஸாகர். இரண்டும் நெருங்கிய பங்காளிகள். இரண்டின் கண்ணிலும், பூனையின் கண்ணில் இருப்பது போல், ஒளியைத் திருப்பியனுப்பும் ஓர் அடுக்கு உண்டு. ஆகையால் மங்கிய வெளிச்சத்திலும் கலங்கல் நீரிலும் அவை நன்றாக இரை தேடும். விளக்கொளி பட்டால் கண் பளபளவென்று மின்னும். கலங்கல் அதிகமானால் ஸாகருக்கே கொண்டாட்டம். முதல் இரண்டெழுத்து 'வால்' என்று நம் காதில் விழுந்தாலும், ஆங்கிலத்தில் அப்பெயர் கண்ணைக் குறித்து வந்ததுதான். ஆனால் விந்தையைப் பாருங்கள்: வால்-ஐயை அடையாளம் காட்டுவது அதன் வாலேதான்! வாலின் கீழ் நுனி வெள்ளையாக இருக்கும். ஸாகருக்கு அந்த வெள்ளை நுனி இல்லை. அதற்குப் பதிலாக முதுகுத் துடுப்பில் கரும் புள்ளிகள் வரிசையாக இருக்கும்.

இந்த வித்தியாசம் பண்டிதர்களுக்கு மட்டும் வேண்டியதன்று. நாம் சென்ற சமயம் அந்நதியில் இருந்த விதிப்படி, 15 அங்குலத்துக்குக் குறைந்த வால்-ஐயை நீரிலேயே விட்டுவிட வேண்டும். ஸாகருக்கு அத்தகைய அளவு கிடையாது.

தலையில் ஈயக் குண்டு வார்த்த தூண்டில் முள்ளில் ஒரு சிறு மீனைக் கோத்து, நூலை நேர் கீழே இறக்கி, குண்டு அடிமண்ணைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, மெள்ள இறக்க வேண்டும். பிறகு தூக்க வேண்டும், இறக்க வேண்டும். வேலை இவ்வளவே. மீன் கடிப்பது, யாரோ விரல் நகத்தால் கோலைச் சுண்டியது போல் இருக்குமாம்.

பொழுது போவதற்காகக் கிழவர் ஒரு கதை சொன்னார். கதையன்று, பத்திரிகைகளில் வந்த செய்தி. 2022-ஆம் ஆண்டில் ஈரி ஏரியில் நடந்த பந்தயம் ஒன்றில், பிடித்த வால்-ஐ மீன்களின் வயிற்றில் ஈயக் குண்டுகளைத் திணித்து எடையைக் கூட்டிய இருவர் கையும் களவுமாக அகப்பட்டு, பின்னர் தண்டனையும் பெற்றார்கள். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். "ஒரு மீனுக்காகவா மனிதன் பொய் சொல்வான்!" என்று வியந்தோம்.

அந்தி மயங்கியது. கிழவரின் பெட்டியில் இரண்டு ஸாகர் கிடந்தன. நம் மருமகனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் அவனுடைய ஆறு வயதுப் பெண், அப்பா பிடித்து வரும் மீனுக்காகக் காத்திருந்தாள். திடீரென்று அவன் கோல் வளைந்தது. மேலே வந்த மீனின் கண் டார்ச்சு வெளிச்சத்தில் நெருப்புத் துண்டம் போல் ஜ்வலித்தது.

"ஸாகர்தான், மாமா!" என்றான்.

வாலின் கீழ் நுனி வெளுத்திருந்ததை நாம் பார்த்தோம். "இல்லையடா, வெள்ளை தெரிகிறதே" என்றோம். அவன் அளந்து பார்த்தான்: 13 அங்குலம். அவன் முகம் வாடியதைக் காணச் சகிக்கவில்லை. கிழவர் மறு முனையில், முதுகைக் காட்டிக்கொண்டு நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். நாம் தமிழில், தாழ்ந்த குரலில், சொன்னோம்: "குழந்தை ஏமாந்து போவாள். பெட்டியில் போடு. இந்த இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்?"

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு முள்ளை மெதுவாகக் கழற்றி, மீனை இரு கையாலும் நீருக்குள் பிடித்து, விட்டுவிட்டான்.

"நீங்கள்தானே மாமா முதலில் பார்த்தீர்கள்?" என்றான்.

கிழவர் திரும்பாமலே என்ன மீன் என்று கேட்டார். இவன் சொன்னான். "வளரட்டும்" என்றார் அவர்.

கரை சேர்ந்ததும் தம்முடைய ஸாகர்களில் ஒன்றைக் கிழவர் இவனிடம் கொடுத்தார். வீட்டில் அந்தப் பெண் ஓடி வந்து, முதற்காரியமாக அதன் வாலை விரித்துப் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பாடம் தெரிந்திருந்தது. "வெள்ளை இல்லை!" என்று கை கொட்டினாள். பிறகு நம்மைப் பார்த்து, "தாத்தா, நீங்கள் வெள்ளை வால் பார்த்தீர்களா?" என்று கேட்டாள்.

நாம் கை கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டோம்.