திங்கள், புதன், சனி

திருச்செந்தூரிலிருந்து உவரி போகும் பேருந்தில் ஏறி, விடிந்து சற்று நேரத்தில் குலசேகரன்பட்டினத்தில் இறங்கினேன். தசராவுக்கு வேடம் கட்டிய பக்தர்களால் பிதுங்கும் ஊர் அன்று ஓய்ந்து கிடந்தது. முத்தாரம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். பனைகளும் செம்மணல் தேரியும் தெரியும் இந்தப் பக்கத்தில்தான் 2,233 ஏக்கரில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கையின் மேல் பறக்காமலிருக்க வழியில் திரும்பியாக வேண்டும். அதற்கு எரிபொருள் வீணாகிறது. இங்கிருந்து ஏவினால் நேரே தெற்கே போய்விடலாம்.

கரையில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றார். சொன்னேன். கிழிந்தது எப்படி என்று கேட்டதற்கு, "விசைப்படகு மடிய இழுத்துட்டுப் போச்சு. நாட்டுப்படகுக்காரன் வலை கெடக்குன்னு பாப்பானா?" என்றார்.

இதே பேச்சை வேறொரு கரையில் கேட்டிருக்கிறேன்.

2015-இல் கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயிலில் வடக்கே போனேன். ஓமந்தைக்கு மேல் தண்டவாளம் புதிது. 1990-இல் போரால் நின்றுபோன யாழ்ப்பாண ரயிலை இந்தியக் கடனுதவியில் இர்கான் நிறுவனம் மறுபடி ஓடவைத்தது. 2014 அக்டோபரில் அது யாழ்ப்பாணத்தைத் தொட்டது. நான் கிளிநொச்சியில் இறங்கிப் பூநகரிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்துக்குப் போனேன். போரில் வீடிழந்தவர்களுக்கென்று இந்தியா 2010-இல் அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் உரியவை. இது கடன் அல்ல, நன்கொடை. முதல் ஆயிரம் வீடுகள் தவிர, ஒப்பந்தக்காரர் கட்டிச் சாவி கொடுக்கும் முறையும் அல்ல. வீட்டுக்காரரின் கணக்கிலேயே ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாக வந்தது. அத்திவாரம் முடிந்தால் ஒன்று, சுவர் எழுந்தால் ஒன்று. கொத்தனாரைப் பிடிப்பதும் மணல் இறக்குவதும் அவர்கள் பொறுப்பு. சிமெந்து விலை ஏறிப் பலர் கடன்பட்டார்கள். ஆனாலும் முகாமில் தகரக் கொட்டிலில் கிடந்தவர்கள் தங்கள் வீட்டை நிமிர்த்தியது தங்கள் கையால். இதுவே சரியான முறை என்று இன்றும் நம்புகிறேன்.

அப்படிக் கட்டிய வீடொன்றின் திண்ணையில் எனக்குத் தேநீர் கொடுத்த மீனவர் சொன்னார்: "வீடு தந்தது பெரிய உதவி அண்ணை. அதை மறக்கேலாது. ஆனால் திங்கள், புதன், சனி நாங்கள் கடலுக்குப் போறேல்லை. அண்டைக்குத்தான் உங்கட ரோலர் வாறது."

அந்தத் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை.

போர்க்காலத்தில் வடக்கின் மீனவர்களுக்குக் கடல் தடை. அந்த ஆண்டுகளில்தான் அவர் ரோலர் என்ற நம் இழுவைப் படகுகள் அந்தப் பக்கம் போய்ப் பழகின. 2009-இல் போர் முடிந்த பிறகு அவர்கள் கடலுக்குத் திரும்பி வந்தபோது, கடனுக்கு வாங்கிய வலைகள் இரவோடிரவாக அறுந்தன. இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு போகும், மீன்குஞ்சும் மிஞ்சாது. 1952-இல் ஒப்பந்தமாகிக் கொல்லம் கரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் என்ற வெளிநாட்டு உதவிக்கும் இந்தியாவில் இந்த மடி பரவியதில் பங்கு உண்டு. நல்லெண்ணத்தோடு வந்த உதவிதான். அதன் விலையைப் பூநகரியில் ஒருவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

2022-இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது தமிழ்நாடு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் அனுப்ப முன்வந்தது. முதல் கப்பல் சென்னையிலிருந்து போனது. அடுத்தது இந்தக் கரைக்கு வடக்கே இருக்கும் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து. அந்தச் செய்தியைப் படித்த அன்று பெருமைப்பட்டேன். கூடவே அந்தத் திண்ணையும் நினைவுக்கு வந்தது.

குலசேகரன்பட்டினத்துப் பெரியவரிடம் பூநகரிக் கதையைச் சொன்னேன். ஊசியை நிறுத்தினார். "அவுகளுக்கும் நம்ம பாடுதானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "விசைப்படகுல போற பயலுவளும் கூலிக்குத்தான போறானுவ" என்றார். அது உண்மை. சிறைப்படுபவர்களும் சாகிறவர்களும் அந்தக் கூலிக்காரர்களே.

இழுவைப் படகுகளை ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளாக மாற்ற 2017-இல் திட்டம் வந்தது. இலக்கு 2,000 படகுகள். முன்பணமும் கடன்சுமையும் அச்சுறுத்தியதால் சேர்ந்தவர்கள் சிலரே. வீடு கட்டப் பணத்தை நேரே கையில் கொடுத்து நம்பிய அரசு, இங்கே தன் மீனவரையும் அப்படி நம்பலாம். கடனைக் குறைத்து மானியத்தைக் கூட்டுங்கள், மடியை விட்டு வருகிறவருக்கு முதல் இரண்டு ஆண்டுக்குப் பிழைப்பு உறுதி கொடுங்கள். படகு உரிமையாளர்களே, இலங்கையின் மேல் பறக்கக் கூடாதென்று ராக்கெட்டே வளைந்து போகிறது. அந்த மூன்று இரவுகளை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.