தாக்கோல்

சாவியை நம் நாஞ்சில் நாட்டார் தாக்கோல் என்பர். வடக்கேயிருந்து வரும் அன்பர்கள் அச்சொல்லைக் கேட்டு நகைப்பதுண்டு. நமக்கோ அச்சொல் காதில் விழும்போதெல்லாம் ஒரு விடியற்காலை நினைவுக்கு வருகிறது. அதனோடு, நாம் ஒரு பிள்ளைக்குச் சொன்ன தவறான புத்திமதியும் நினைவுக்கு வருகிறது.

அப்பிள்ளை நம் தங்கையின் மகன். நம்மிடம் அலிஃப், பே ஓதி, பின்னர் மருத்துவம் பயின்று, சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்துச் சிறு மருத்துவ நிலையம் ஒன்றுக்குப் பொறுப்பு மருத்துவராக வந்தார். ஊரின் பெயரை விட்டுவிடுகிறோம். பணியேற்கும் முன் நம்மிடம் ஸலாம் சொல்ல வந்தவர், "மாமா, அங்கே டாக்டர் நான் ஒருத்தன்தான். நோயாளியைப் பார்க்கப் படிச்சிருக்கேன். ஆளுகளை வச்சு வேலை வாங்கப் படிக்கலியே" என்றார். நாம் சற்றும் யோசியாமல், "நீர் வைத்தியர். நாடியைப் பாரும். அலமாரிக் கணக்கும் ஆள் கணக்கும் கணக்குப்பிள்ளையின் வேலை, அதில் மனத்தைச் செலுத்தினால் கைராசி போய்விடும்" என்றோம். முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர் சொல்லாயிற்றே! அவரும் தலையாட்டிச் சென்றார்.

அவ்வாண்டு மதரஸா விடுமுறையில் அவருடைய வீட்டில் சில நாள் தங்கியிருந்தோம். ஃபஜ்ருத் தொழுகை முடிந்து தஸ்பீஹுடன் இருந்த வேளையில் ஒரு ஜீப் இரைந்துகொண்டு வந்து நின்றது. கீரிப்பாறை ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஒரு பால்வெட்டுத் தொழிலாளியைத் தூக்கி வந்திருந்தார்கள். பொழுது விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரத்துக்கு மரம் போகிறவர்கள் இவர்கள். விளக்கு மரப்பட்டையைக் காட்டும்; காலடியைக் காட்டாது. சருகுக்குள் கிடந்த விரியன் கணுக்காலில் தீண்டியிருந்தது.

மருமகன் பதறவில்லை. அவருடைய கை வேலையை அன்றுதான் அருகிலிருந்து கண்டோம். சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து அசையாமல் வைத்தார். இருபது நிமிடங்கள் கழித்துச் சாய்த்துப் பார்த்தார். இரத்தம் உறையாமல் தண்ணீர் போல் ஓடியது. நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டதற்கு அதுவே அடையாளமாம். "நஞ்சு முறிப்பு மருந்து கொண்டாங்க" என்றார். தாதியம்மாள் அசையாமல் நின்று, "சார், மருந்து இருக்கு. தாக்கோல் இல்ல" என்றார்.

தாக்கோல் மருந்தாளுநரிடம் இருந்தது. மருந்தாளுநர் நாகர்கோவிலில் தம் வீட்டில் இருந்தார். அவர் மீது குற்றமில்லை. விலை மிகுந்த மருந்தைப் பூட்டி வைப்பது அவர் கடமை, இரவில் வீட்டில் உறங்குவது அவர் உரிமை. தொலைபேசியில் கூப்பிட்டால், "இதோ புறப்பட்டுவிட்டேன்" என்றார். பூட்டை உடைக்கலாமா என்று காவலாளி கேட்டார். அரசாங்கப் பூட்டு, யார் பதில் சொல்வது? தாதி மருத்துவரைப் பார்த்தார், மருத்துவர் வாசலைப் பார்த்தார், நாம் மருத்துவரைப் பார்த்தோம். இப்படி ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழிந்தது. இறுதியில் வளாகத்தைப் பெருக்க வந்த அம்மாள் ஒருவர்தாம் பக்கத்து வீட்டு அம்மிக் குழவியைத் தூக்கிவந்து, யாரையும் கேளாமல் பூட்டின் மேல் போட்டார்.

மருந்தை ஏற்றியபடியே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் சோர்ந்துபோய், பல நாள் இயந்திரத்தின் துணையால் இரத்தம் சுத்திகரிக்கப்பட்டு, மெலிந்து வீடு திரும்பினார். அந்த முக்கால் மணி நேரத்தின் விலை அதில் எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. மருமகனுக்கு மட்டும் அது முழுவதும் தம் கணக்கில் எழுதப்பட்டதாகவே தோன்றிற்று. வேலையை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். "அங்கே எனக்கு மேலே பத்துப் பேர் இருப்பாங்க, மாமா. நான் நோயாளியை மட்டும் பார்த்தால் போதும்." நாம் சொல்லிக்கொடுத்த பாடத்தையே நம்மிடம் ஒப்புவித்தார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அரபியில் தத்பீர் என்றொரு சொல் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்களும் காரியத்தைத் தத்பீர் செய்வது என்பார்கள். துபுர், அதாவது பின்புறம், கடைசி என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஒரு காரியத்தின் பின்விளைவைத் தொடக்கத்திலேயே நோக்கி ஒழுங்கு செய்வதே தத்பீர். நாட்டை ஆள்வதற்கும் வீட்டை நடத்துவதற்கும் அச்சொல்லே வழங்கும். பழைய யூனானி நூல்களில் நோயாளிக்கு உணவையும் உறக்கத்தையும் வகுத்துக் கொடுக்கும் வைத்திய முறைக்கும் அதே சொல்தான். இதை எத்தனை வகுப்பில் பாடமாகச் சொல்லியிருக்கிறோம்! வைத்தியமும் நிர்வாகமும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்க, அவற்றை இரண்டாகப் பிளந்து ஒன்றைக் கணக்குப்பிள்ளையிடம் தள்ளியது நாமல்லவா? அர்ராஸீ என்னும் பேரறிஞர் நோயறிவதில் நிகரற்றவர். ரை நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைவராகவும் இருந்தவர். பக்தாதில் மருத்துவமனைக்கு இடம் தேடியபோது, நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே தாமதமாக அழுகியதோ அங்கே கட்டச் சொன்னார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். நோயாளி வருமுன்பே வைத்தியம் தொடங்கிவிடுகிறது என்று அதைச் சொன்னவர்கள் அறிந்திருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையின் வரலாறே போதும். 1838இல் ராம்சே என்னும் லண்டன் மிஷன் மருத்துவர் தொடங்கிய பணி அது. நெடுங்காலம் விட்டுப்போயிருந்ததை 1852இல் லீச் என்பவர் வந்து மீண்டும் எடுத்தார். இரண்டே ஆண்டில் முட்டம் கடலில் குளிக்கச் சென்றவர் மூழ்கி இறந்தார். ஒருவர் மூழ்கியதும் பணியே மூழ்கிற்று. 1861இல் வந்த ஜான் லோ இதைக் கண்டிருக்க வேண்டும். அவர் நோயாளிகளைப் பார்த்ததோடு நில்லாமல் இவ்வூர் இளைஞர்களைச் சேர்த்து வகுப்பு நடத்தி மருத்துவம் பயிற்றினார். அப்படிப் பயின்றவர்கள் கிளை மருந்தகங்களில் அமர்ந்தார்கள். 1868இல் லோ ஊர் திரும்பிய பிறகும் அம்மருந்தகங்களின் கதவுகள் திறந்தே இருந்தன. லீச்சின் கையைவிட லோவின் கை தேர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. தாம் இல்லாத நாளை லோ நினைத்தார்; அவ்வளவே வேறுபாடு.

இதை மருமகனிடம் சொன்னபோது அவர் நமக்கு மதுரையைச் சொன்னார். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தவர். எனினும் அவருடைய பெருஞ்சாதனை அவ்விரல்களால் ஆனது மட்டுமன்று. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சியளித்து, மருத்துவர் செய்தே தீரவேண்டிய வேலை நீங்கலாக மற்றவற்றை அவர்களிடம் ஒப்படைத்தார். அடுத்தடுத்து இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை முடிவதற்குள் அடுத்ததில் நோயாளி ஆயத்தமாயிருப்பார். 1992இல் அரிமா சங்கத்தின் துணையோடு அங்கே ஒரு கல்வி நிலையம் எழுந்தது. பிற ஊர், பிற நாட்டுக் கண் மருத்துவர்களும் நிர்வாகிகளும் ஒரு மருத்துவமனையை எப்படி நடத்துவது என்பதைக் கற்க அங்கே வருகிறார்கள். "அப்படியானால் இது கற்றுக்கொள்ளக்கூடிய கலைதானே?" என்றோம். அவர் விடை சொல்லவில்லை. வளைகுடாப் பேச்சும் அதன்பின் எழவில்லை.

நம் குறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மதரஸா நூலகத்தின் தாக்கோலைப் பன்னிரண்டு ஆண்டு நம் சட்டைப்பையிலேயே வைத்திருந்தோம். நமக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பொறுப்புணர்ச்சி என்று எண்ணியிருந்தோம்! இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு காரியங்களை ஒரே வேளையில் நினைவில் தாங்கிச் சதாவதானம் செய்தார். அது அவருக்கு வாய்த்தது. நம்மைப் போன்றோர் நூறையும் தலையில் சுமக்க முயன்றால் தொண்ணூறு கீழே விழும்.

பின்பு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மருமகனோடு கீரிப்பாறைக்குப் போனோம். அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் வழியே பேருந்து ஏறிச்சென்றது. வயல் மறைந்து ரப்பர் வந்தது. வரிசை வரிசையாக மரங்கள், ஒவ்வொன்றிலும் சிரட்டை. இத்தோட்டங்கள் அரசு ரப்பர் கழகத்துக்கு உரியவை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல இக்கழகத் தோட்டங்களில்தாம் பிழைப்பைக் கண்டன. தீண்டப்பட்டவரின் வீட்டில் கட்டன் சாயா கொடுத்தார்கள். மருமகன் மருந்துச் சீட்டைப் பார்த்த நேரம் குறைவு. கேள்வி கேட்ட நேரமே மிகுதி. எத்தனை மணிக்குப் பால்வெட்டப் போவீர்கள்? எந்த வளைவில் தொலைபேசி எடுக்காது? இரவில் ஜீப் யாரிடம் இருக்கும்? தீண்டியதும் முதலில் எங்கே ஓடுவீர்கள்?

கடைசிக் கேள்விக்கு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர்தாம் வாய் திறந்தார். "விஷ வைத்தியர்ட்டதான், சார். மறைக்க எதுக்கு?" அன்று ஜீப் நேரே வந்ததாகவே நாம் எண்ணியிருந்தோம். அன்றும் முதலில் அங்கேதான் போயிருக்கிறது. மருமகன் கோபிக்கவில்லை. அந்த வைத்தியரின் வீட்டை விசாரித்து அங்கேயே போய், பாயில் உட்கார்ந்து பேசினார். நம் நாட்டில் செய்யப்படும் முறிப்பு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான் வேலை செய்யும்; இம்மலையில் மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் ஒன்றும் இருக்கிறது, அதற்கு எங்களிடமும் மருந்தில்லை, விரைந்து பெரிய மருத்துவமனைக்குச் சேர்ப்பதே வழி என்று தம் இயலாமையையும் மறைக்காமல் சொன்னார். அதைக் கேட்ட பிறகே அம்முதியவர் முகம் இளகிற்று. "உங்கட்டயும் இல்லியா?" என்று இருமுறை கேட்டார். இனி வருகிறவர்களைக் கட்டுப்போட்டு நிறுத்தாமல் உடனே கீழே அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

மருத்துவ நிலையத்திலும் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. அலமாரிக்கு இரண்டாம் தாக்கோல் செய்து இரவுத் தாதியின் பொறுப்பில் கையெழுத்தோடு வைத்தார்கள். கண்ணாடிக் குழாய்ச் சோதனையைத் தாதியர் எல்லோரும் கற்றார்கள். ஜீப் ஓட்டுநர்களின் எண்கள் சுவரில் ஏறின. திங்கட்கிழமைதோறும் கால் மணி நேரம் எல்லோரும் வட்டமாக நின்று சென்ற வாரம் எது தவறிற்று என்று பேசினார்கள். குழவி போட்ட அம்மாளும் அவ்வட்டத்தில் ஒருவர். தொடக்கத்தில் மருந்தாளுநருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு குப்பி குறைந்தால் தணிக்கையில் மாட்டுவது தாம் என்றார், அதுவும் உண்மையே. அவரை அமர்த்த மருமகனுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு பாம்புக்கடியைவிட அது கடினம் என்று நம்மிடம் முறையிட்டார்.

மூன்றாம் ஆண்டு அவருக்கு மாற்றல் வந்தது. புறப்படும்போது ஜான் லோவை நினைவூட்டினோம், சிரித்தார்.

சென்ற ஆண்டு அவ்வழியே போகும்போது அந்நிலையத்தில் இறங்கிப் பார்த்தோம். அலமாரியில் புதிய பூட்டு பளபளத்தது. நெஞ்சு திக்கென்றது. தாதியம்மாள் நம்மை அடையாளம் கண்டுகொண்டார்.

"புதுசா வந்த சார் பழைய பூட்டு சரியில்லேன்னு மாத்திட்டாரு, பாய். ஒரு தாக்கோல்தான் வந்துச்சு" என்றவர், மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். "ரெண்டாவது வேணும்னு நானே எழுதிக் கேட்டு வாங்கிட்டேன்."