மஞ்சள் விளக்கு

கடந்த மாரியில் எனது பழைய காரின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்காபரோவில் ஒரு கராஜ்காரர் கருவியைப் பொருத்திப் பார்த்து, "பி0420. கொன்வேர்ட்டர் முடிந்துவிட்டது, மாற்ற 1,200 டொலர்" என்றார். வவுனியாவிலுள்ள அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கென நான் சேர்த்து வைத்திருந்த பணமும் ஏறத்தாழ அவ்வளவே. காரின்றி இரவு வேலைக்குச் செல்லவும் வழியில்லை.

தொழிற்சாலையில் என்னுடன் பணியாற்றும் அண்ணர் ஒருவர் ஊரில் பஸ் திருத்தியவர். "பொறும் தம்பி, காய்ச்சலெண்டதும் வயித்தைக் கிழிக்கிறதே?" என்றார்.

கொன்வேர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஒட்சிசன் உணரி உண்டு. என் கார் போன்ற பழைய வகைகளில், முன்னுள்ளதன் மின்னழுத்தம் 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்குமிடையே ஓயாது ஏறியிறங்கும். கொன்வேர்ட்டர் நன்றாயிருப்பின் பின்னுள்ளது பெரிதும் அசையாது. அதுவும் ஆடத் தொடங்கினால் கணினி 0420 எனப் பதிகிறது. ஆனால் புகைக்குழாயின் மூட்டில் கசிவிருந்தாலும் வெளிக்காற்று புகுந்து உணரியை ஏமாற்றிவிடும்.

மறுநாட் காலை, குளிர்ந்திருந்த எஞ்சினை இயக்கிவிட்டு, அண்ணர் பனியில் மட்டை விரித்துக் காரின் கீழே படுத்தார். பின் உணரிக்குச் சற்று முன்னே, மூட்டின் அருகே கை வைத்தவர், "இஞ்ச ஊதுது" என்றார். கேஸ்கெற் உக்கியிருந்தது. புதியதற்கும் ஆணிகளுக்கும் 35 டொலர். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கராஜ்காரர் பொய் சொன்னதாக நான் கூறேன். குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவே. பிளாற்றினம், பல்லேடியம், ரோடியம் அடங்கிய பொருளுக்கு விலை அதிகந்தான். ஒன்று: அவ்விளக்கு விட்டுவிட்டு மினுங்கினால் தாமதிக்கலாகாது. எரியாத பெற்றோல் சென்று கொன்வேர்ட்டரை உண்மையாகவே கெடுத்துவிடும்.

பதிவை அழித்து மூன்று வாரம் ஓடினேன், விளக்கு எரியவில்லை. நான்காம் வாரம் பணத்தை அனுப்பினேன்.