வாசல் இல்லாத வீடு

எங்க காலனியில் அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடு ஒற்றை அறை. சித்திரை வெயிலில் தளம் கொதிக்கும். கூரை வீட்டில் இருந்த திண்ணை இல்லை, ஆடு கட்ட இடமில்லை. "வீட்டக் குடுத்தான், வாசலக் குடுக்கலியே" என்பாள் அம்மா. மழை பெய்தால் ஊர்த்தெருத் தண்ணி முழுக்க எங்க தெருவில்தான் வந்து நிற்கும். பள்ளத்தில் நமக்கு மனை ஒதுக்கியது தற்செயலா? காற்றோட்டம், நிழல், வடிகால் என்று குடியிருப்பு வடிவமைப்பு பேசுகிறவர்கள் இந்தப் பள்ளத்திலிருந்துதான் தொடங்கணும்.

1997இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தில் 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு. சாதிக்கொரு தெரு கிடையாது. சேர்ந்து வாழும்படி ஒரு குடியிருப்பை வரைய முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது புதிதாக எழுப்பிய ஊர். பழைய ஊரின் மனைப்படத்தில் யார் கை வைப்பது?