கடல் கடந்த பழநூல்

பழைய நூல்களைத் தேடித் திரட்டும் பழக்கம் எனக்கு மாணவப் பருவத்திலேயே உண்டாயிற்று. திருவையாற்றில் புலவர் வகுப்பிற் பயின்ற காலத்தில், விடுமுறைக்குச் சென்னை சென்றால், உறவினர் வீட்டிற்குப் போகுமுன்னரே மூர் மார்க்கெட்டிற்குப் போய்விடுவேன். அங்கே பழம்புத்தகக் கடைகள் பல இருந்தன. குவிந்து கிடக்கும் நூல்களுக்கு நடுவே அமர்ந்து, ஓர் இலக்கண உரையையோ ஒரு தலபுராணத்தையோ எடுத்துத் தூசி தட்டிப் பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி சொல்லுந் தரத்ததன்று. 1985ஆம் ஆண்டில் அக்கட்டடம் தீக்கிரையாயிற்று. அதற்கு முன் அங்கு வாங்கிய நூல்களிற் சில இன்றும் என்னிடம் உள்ளன.

தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது என் வீட்டில் நூல்கள் மிகுந்து, மனிதர் இருக்க இடம் குறைந்திருந்தது. என் மனைவி நெடுநாள் ஒன்றும் சொல்லவில்லை. நெல் வைக்கும் அறையில் நான் தொல்காப்பிய உரைகளை அடுக்கிய அன்று மட்டும், “இந்த ஆண்டு நெல்லைத் தொல்காப்பியத்திற்குள்தான் கொட்டி வைக்க வேண்டுமோ?” என்று கேட்டாள். ஒரே நூலில் இரண்டு மூன்று படிகள் இருந்தவற்றை விற்றுவிடுவது என்று அன்றே துணிந்தேன். என் மகள் நூற்பட்டியல் ஒன்றைச் செய்து இணையத்தில் வெளியிட்டாள். இவ்வாறு, வாங்குவதில் தொடங்கிய என் பொழுதுபோக்கு விற்பதிலும் புகுந்தது.

மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சிலர் கேட்டனர், அனுப்பினேன். அதிற் சிக்கல் ஒன்றும் இல்லை. நூல் பிடிக்கவில்லையென்றால் திருப்பியனுப்புவார்கள்; நானும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சிக்கல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.

2018ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரத்துத் தமிழன்பர் ஒருவர் பழைய பிரபந்தத் திரட்டு ஒன்றைக் கேட்டார். நான் அதனை நன்றாகத் துடைத்து, ஏடுகளுக்கிடையே காய்ந்த வேப்பிலைகளை இட்டு, பெட்டியின் அடியில் சிறிது வைக்கோலும் பரப்பி அனுப்பினேன். நூல்களில் இராமபாணப் பூச்சி சேராமல் இருக்க வேப்பிலையும் வசம்பும் இடுதல் எங்கள் வீட்டு வழக்கம். என் தந்தையார் செய்தது, நானும் செய்தேன். ஆனால் ஆஸ்திரேலியா, தன் வயல்களையும் காடுகளையும் அயல்நாட்டு நோய்களிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் காக்கும் பொருட்டு, உலர்ந்த இலை, வைக்கோல் முதலியவை அஞ்சலில் வருவதைக் கண்டிப்பாகத் தடுத்துவரும் நாடு. என் கட்டு வழியில் பிரிக்கப்பட்டது. அன்பருக்கு அறிவிப்புக் கடிதம் சென்றது. அவர் கட்டணம் செலுத்தி, பல வாரம் காத்திருந்து, நூலைப் பெற்றார். பெற்றபின் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. அதனாலேயே எனக்கு வருத்தம் மிகுந்தது. பிழை முழுவதும் என்னுடையது. நூலைப்பற்றி அறிந்திருந்தேனேயன்றி, அது போய்ச் சேரும் நாட்டைப்பற்றி நான் ஒன்றும் அறிந்திருக்கவில்லை.

‘இனிக் கடல் கடந்து எந்த நூலையும் அனுப்புவதில்லை’ என்று உறுதி செய்துகொண்டேன். பட்டியலின் தலைப்பிலும் அவ்வாறே எழுதச் செய்தேன். பெரிய வணிகருக்குப் பத்துக் கட்டுகளில் ஒன்று கெட்டாலும் மற்ற ஒன்பதில் ஈடு செய்துகொள்ள வழியுண்டு. என்னைப் போன்றவனுக்கோ ஒரு கட்டுக் கெட்டால் ஓராண்டு ஊதியம் போய்விடும். அயல்நாட்டார்க்கு அனுப்பியே தீரவேண்டும் என்னும் கடமை ஒரு சிறு விற்பனையாளனுக்கு இல்லை என்பதே அன்றும் இன்றும் என் கருத்து.

அண்டை வீட்டு நண்பர் ஒருவர் என் உறுதியைப் பெரிதும் பாராட்டினார். அவர் ஓய்வு பெற்ற வரலாற்றாசிரியர். “நல்ல முடிவு செய்தீர்கள், பண்டிதரே. நம் நாட்டு நூல் நம் நாட்டிலேயே இருக்கட்டும். எத்தனை செல்வம் வெளியே போய்விட்டது!” என்றார். நான் அனுப்பாமல் விட்டதற்குக் காரணம் அச்சம்; அவர் அதனை நாட்டுப்பற்று என்று எண்ணிக்கொண்டார். பாராட்டை மறுக்க மனம் வராமல் வாய்மூடி இருந்துவிட்டேன்.

2022ஆம் ஆண்டில், கனடா நாட்டு டொராண்டோ நகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எண்பது வயதை எட்டியவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து அங்கேயே ஆசிரியராக இருந்தவர். ஆறுமுக நாவலர் இயற்றிய நான்காம் பாலபாடத்தில், தாம் சிறுவராக இருந்தபோது படித்த பழைய அச்சுப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், அது என் பட்டியலில் இருப்பதாகவும் குறித்திருந்தார். பின்வந்த பதிப்புகள் அவரிடம் இருந்தன. அவர் விரும்பியது அந்தப் பழைய எழுத்தையும் அந்தப் பழைய தாளையுமே.

“ஐயா, வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைக் கண்டேன். ஆயினும் கேட்கிறேன். என் வீட்டு நூல்கள் போரில் போயின. ஊரின் நூல்கள் அதற்கு முன்பே போய்விட்டன” என்பது அக்கடிதத்தின் இறுதிப் பகுதி.

ஊரின் நூல்கள் என்று அவர் குறித்தது யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்முறையில் அந்நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன. அப்பொழுது நான் இளைஞன். செய்தியைக் கேட்டு எங்கள் விடுதியில் அன்றிரவு ஒருவரும் உண்ணவில்லை.

கடிதத்தை நண்பரிடம் காட்டினேன். அவர் இருமுறை படித்தார். பிறகு, “இது வேறு” என்றார். ‘எவ்வாறு வேறு?’ என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

அன்றிரவு பல எண்ணங்கள் எழுந்தன. தமிழெழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழமையானது, 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பட்ட தம்பிரான் வணக்கம். அது 16 பக்கங்களே உள்ள சிறுநூல். அதன் படி ஒன்றே ஒன்று எஞ்சியுள்ளது. அது அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. யாரோ ஒருவர் அதனைக் கப்பலேற்றிக் கொண்டுசென்றிராவிடில், நம் நாட்டு வெயிலும் மழையும் செல்லும் அந்த ஒன்றையும் விட்டுவைத்திருக்குமோ? மற்றொரு பக்கமும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் தம் வாழ்நாளில் திரட்டிய நூல்களும் இதழ்களும் ஓர் இலட்சம் அளவின. அவர் 1992ஆம் ஆண்டில் மறைந்த பின்னர், அத்தொகுதியைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிற்று. ஆனால் அதனைக் கடல் கடத்தவில்லை. சென்னையிலேயே 1994ஆம் ஆண்டில் நூலகமாக நிறுவச் செய்தது. ஆகவே, போவதே நன்று என்றோ இருப்பதே நன்று என்றோ பொதுவாகச் சொல்லிவிட முடியவில்லை. எந்தப் பொருள், யாரிடம், எதற்காகப் போகிறது என்று பார்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பாலபாடத்தைப்பற்றி ஐயத்திற்கு இடமே இல்லை. அது 1950ஐ ஒட்டிய பதிப்பு. என் அலமாரியில் அது நான்கு ஆண்டுகளாக யாராலும் தொடப்படாமல் இருந்தது. அதனை வேண்டும் மனிதர் டொராண்டோவில் இருந்தார்.

அனுப்புவது என்று முடிவு செய்தபின் வேலைகள் தொடங்கின. முதல் வேலை, நூலின் குறைகளை எழுதுதல். கடையில் நின்று வாங்குபவர் நூலைக் கையில் எடுத்துப் புரட்டுகிறார், முகர்ந்தும் பார்க்கிறார். கடலுக்கு அப்பால் இருப்பவருக்கு என் சொல்லே கண். என் சொல்லே கை. குறை கண்டால் திருப்பியனுப்புங்கள் என்று சொல்வதும் வீண் உபசாரம். அனுப்பும் கூலியைவிடத் திருப்பும் கூலி மிகுதியாகிவிடும். ஆதலால் ஒரு முற்பகல் முழுவதும் நூலை ஏடேடாகப் பார்த்து எழுதினேன்: முகப்பேடு இல்லை; முதுகு தளர்ந்துள்ளது; தாள் பழுப்பேறி ஓரங்களில் நொறுங்குகிறது; 18 தாள்களில் பூச்சித் துளைகள் உள்ளன; யாரோ ஒரு மாணவர் ஓரங்களில் பென்சிலால் பொருள் எழுதியிருக்கிறார். நூலின் விலை 250 ரூபாய் என்றும், அஞ்சற்கூலி அதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்றும் சேர்த்து எழுதினேன். பென்சிற் குறிப்புகளை அழித்துத் தரலாம் என்றும் சொல்லியிருந்தேன். “தயவு செய்து அழிக்க வேண்டாம்” என்று மறுநாளே விடை வந்தது.

இரண்டாவது வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. விலைக்கு விற்கும் பொருளை அஞ்சல்வழி வெளிநாட்டிற்கு அனுப்புவோர், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற்றிருத்தல் வேண்டும். இத்தகைய சிறு ஏற்றுமதியாளர்க்கு உதவும் நடுவங்களை அஞ்சல் துறை 2022ஆம் ஆண்டு முதல் பல ஊர்களில் திறந்திருக்கிறது. நானும் 500 ரூபாய் கட்டி அவ்வெண்ணைப் பெற்றேன். நன்னூல் நடத்திக்கொண்டிருந்தவன் ஏற்றுமதியாளன் ஆகிவிட்டான் என்று என் மகள் ஒரு வாரம் சிரித்தாள்.

மாணவர்களே, கட்டின்மேல் ஒட்டப்படும் சுங்க அறிவிப்புத் தாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளே இருப்பது என்ன, எடை எவ்வளவு, மதிப்பு எவ்வளவு, அன்பளிப்பா விற்பனைப் பொருளா என்பவற்றை அதில் எழுதி, தடை செய்யப்பட்ட பொருளோ கேடு விளைக்கும் பொருளோ இதில் இல்லை என்று உறுதி கூறிக் கையொப்பம் இட வேண்டும். கையொப்பமிடும்போது மெல்போர்ன் வேப்பிலை நினைவுக்கு வந்தது. இம்முறை நூலை நெகிழித்தாளில் பொதிந்து, இருபுறமும் அட்டை வைத்துக் கட்டினேன். இலை இல்லை, வைக்கோலும் இல்லை.

இத்தாளைப்பற்றிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 2021 சூலை முதல் நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில், 22 யூரோ வரையுள்ள இறக்குமதிப் பொருள்களுக்கு இருந்த வரிவிலக்கு நீக்கப்பட்டது. பின்னர் ஒரு முறை பாரிசு நகரிலிருந்து ஒருவர் நூல் கேட்டார். பணமும் தருவதாகச் சொல்லி, தாளில் மட்டும் ‘அன்பளிப்பு’ என்று எழுதிவிடும்படி வேண்டினார். “அன்பளிப்பு என்று எழுத வேண்டுமாயின் விலை பெறாமலே அனுப்புகிறேன்; விலை பெற்றால் விற்பனை என்றுதான் எழுதுவேன்” என்று விடை எழுதினேன். அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை. அந்நூல் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நான் எழுதியதில் சிறிது செருக்கு இருந்ததோ என்று சில நாள் தோன்றுவதுண்டு. ஆனால் வேறு எவ்வாறு எழுதியிருக்கலாம் என்று இன்னும் புலப்படவில்லை.

ஓலைச்சுவடி கேட்டவரும் உண்டு. என் பாட்டனார் கைப்பட எழுதிய மருத்துவச் சுவடி ஒன்று வீட்டில் இருந்ததை எவ்வாறோ அறிந்து, ஓர் அயல்நாட்டார் பெருந்தொகை சொன்னார். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுக்கு மேற்பட்ட, இலக்கிய மதிப்போ அறிவியல் மதிப்போ உடைய கையெழுத்துச் சுவடியைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதல் ஆகாது. சட்டம் இல்லாவிட்டாலும் அதை நான் அனுப்பியிருக்க மாட்டேன். அதனைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை நூல்நிலையம் ஒன்றிற்குக் கொடுத்துவிட்டேன். அன்று நண்பர் என்னைப் பாராட்டியபோது மனம் கூசாமல் ஏற்றுக்கொண்டேன்.

டொராண்டோ முதியவரின் கட்டு ஒரு மாதத்திற்கு மேல் வழியில் இருந்தது. அந்நாள்களில் நான் அடைந்த கவலையை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். 250 ரூபாய் நூலுக்காக உறக்கம் கெட்டது. காலையில் எழுந்தவுடன், “டொராண்டோவில் மழையா?” என்று மகளிடம் கேட்பேன். முடிவில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. நூல் நலமாக வந்து சேர்ந்ததாம். தம் பேத்தியை அருகில் இருத்தி முதற் பாடத்தை உரக்கப் படித்தாராம். ஓரத்துப் பென்சிற் குறிப்புகளைப் பேத்தி படித்தாளாம். கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: “ஐயா, துளையுள்ள தாள்கள் 18 என்று எழுதினீர்கள். நாங்கள் எண்ணினோம், 19 இருக்கின்றன.”

நான் 10 ரூபாய் திருப்பித் தருவதாக எழுதினேன். அவர் அதை வாங்க மறுத்து, அதற்கு மாறாக நாவலரின் வேறொரு நூலைத் தேடித் தரும்படி கேட்டார். அது சென்ற ஆண்டில் கிடைத்தது. அனுப்புமுன் துளைகளை நான் ஒரு முறையும் என் மனைவி ஒரு முறையுமாக எண்ணினோம்.