கயிறு இல்லை... சிக்னலும் இல்லை! - இமயமலைப் பாறைகளில் மகளோடு ஒரு வாரம்

‘‘அம்மா, என்னைப் பிடிக்க வேணாம். நான் விழுந்தா மெத்தை பக்கம் முதுகைத் தள்ளிவிட்டா போதும்!’’

தரையிலிருந்து பத்தடி உயரத்தில், ஒரு பாறை விளிம்பில் விரல் நுனிகளால் தொங்கியபடி என் மகள் சொன்ன வசனம் இது. இடுப்பில் கயிறு கிடையாது. கீழே கட்டில் அகலத்துக்கு ஒரு மெத்தை. பக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கியபடி நான். எனக்கு 54 வயது. திருச்சி மலைக்கோட்டையின் நிழலில் வளர்ந்தவள். பாறை ஏறுவது என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் படிக்கட்டுதான்.

இடம், ஹிமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் உள்ள சத்ரு. பெயரைக் கேட்டதும், ‘‘எதிரியைத் தேடிப் போக இவ்வளவு தூரமா?’’ என்று சிரித்தேன். நம் ஊர் ‘சத்ரு’வுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. சந்திரா நதிக்கரையில் ஒரு பாலம், சில தாபாக்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாறைகள். அவ்வளவுதான் ஊர். உயரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,300 மீட்டர். தமிழ்நாட்டின் உயரமான சிகரம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். பனிக்காலத்தில் சாலை மூடிவிடும்; தாபாக்காரர்களும் கீழே இறங்கிவிடுவார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், வார இறுதிகளில் உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகுகிறவள். போன செப்டம்பரில் நான்கு நண்பர்களோடு சத்ரு கிளம்பினாள். ‘‘நானும் வர்றேன்டி’’ என்றேன். அவள் என்ன செய்கிறாள் என்று ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற பயம்தான் காரணம். வெளியே சொன்ன காரணம், ‘இமயமலை பார்க்கணும்.’

நாலு மீட்டர் மலை

இந்த விளையாட்டுக்குப் பெயர் போல்டரிங். சிகரம் தொடுவது இதன் நோக்கம் இல்லை. தனித்துக் கிடக்கும் ஒரு பாறையில், பெரும்பாலும் நாலைந்து மீட்டர் உயரத்துக்குள், கயிறில்லாமல் ஏறுவது. இறுக்கமான ரப்பர் ஷூ, வியர்வையை உறிஞ்ச மக்னீசியம் கார்பனேட் பவுடர், கீழே விரிக்க ‘கிராஷ் பேட்’ என்கிற தடித்த மெத்தை. இவ்வளவுதான் சாமான்.

பாறையில் ஏறும் ஒவ்வொரு வழிக்கும் ‘ப்ராப்ளம்’ என்று பெயர். கணக்கு மாதிரியே, பார்த்ததும் விடை வராது. வலது கால் எங்கே, இடது கை எப்போது, உடம்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று ஒவ்வொரு அசைவாகக் கண்டுபிடிக்க வேண்டும். நாலு மீட்டர் ஏற நாலு நாள் எடுப்பவர்கள் உண்டு. 

ஆல்ப்ஸ் மலை ஏறுவதற்குப் பயிற்சியாக, பாரிஸ் அருகே ஃபான்டென்ப்ளோ காட்டின் பாறைகளில் ஏறிப் பழகியவர்களிடம் வளர்ந்த பழக்கம் இது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பாறையேற்றம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது போல்டரிங்கும் அதில் ஓர் அங்கமாக இருந்தது. நம் நாட்டில் ஹம்பி இதற்கு உலகப் புகழ். ஆனால் ஹம்பி வெயிலில் கை வியர்த்து வழுக்கும். சத்ருவின் உலர்ந்த குளிரில் விரல் பாறையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

பாறைகள் வந்த பாதை

மாமல்லபுரத்தில் ‘வெண்ணெய் உருண்டை’ப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவில், அதைவிடச் சிறிதாக, பெரிதாக நூற்றுக்கணக்கில் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க இறைந்து கிடந்தால் எப்படி இருக்கும்? அதுதான் சத்ரு. 

சில பாறைகள் மேலே மலைச்சுவரிலிருந்து உடைந்து உருண்டு வந்தவை. சில, பனியாறுகள் சுமந்து வந்தவை. பனியாறு மெதுவாக நகரும்போது வீடளவு கல்லையும் தூக்கிக்கொண்டு வரும்; உருகிப் பின்வாங்கும்போது சுமையை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். ஹிமாச்சலின் மிக நீளமான பனியாறான பாரா ஷிக்ரி, இதே சந்திரா பள்ளத்தாக்கில் இன்னும் மேலே இருக்கிறது.

இந்தக் கற்களை முதலில் பயன்படுத்தியவர்கள் கத்தி இன ஆட்டிடையர்கள். கோடையில் கணவாய்களைத் தாண்டி மந்தையோடு வந்து, சாய்ந்த பாறைக்கு அடியில் சிறு கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பித் தங்குகிறார்கள். நாங்கள் போனபோது ஒரு மந்தை திரும்பிக்கொண்டிருந்தது. கழுத்தில் கூர்முனைப் பட்டை கட்டிய நாய் ஒன்று எங்கள் மெத்தையைச் சந்தேகத்தோடு முகர்ந்துவிட்டுப் போனது.

நான் சொன்ன பொய்

திட்டமெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். மணாலியில் இரண்டு இரவு, சிஸ்ஸுவில் ஓர் இரவு, அதன் பிறகு சத்ரு. உடம்பு உயரத்துக்குப் பழக வேண்டும் அல்லவா? சத்ருவில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைவு.

முதல் நாள் எனக்கு ஒன்றுமில்லை. கைகளைத் தூக்கி நிற்கும் ‘ஸ்பாட்டர்’ வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். விழுபவரைத் தாங்கிப் பிடிப்பது ஸ்பாட்டரின் வேலை என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அப்படிப் பிடித்தால் இருவருக்குமே அடிபடும். விழுபவரின் தலையும் முதுகும் கல்லில் மோதாமல், கால் மெத்தையில் படும்படி திருப்பிவிடுவதுதான் வேலை. இருபத்தாறு வருடமாகப் பிடித்தே பழகிய கைக்கு அது லேசில் வரவில்லை.

இரண்டாம் நாள் இரவு தலைவலி ஆரம்பித்தது. கூடாரத்தில் தூக்கம் வரவில்லை. காலையில் ரொட்டியைப் பார்த்தாலே குமட்டியது. ‘‘எப்படிம்மா இருக்கே?’’ என்றாள் மகள். ‘‘ஜம்முனு இருக்கேன்’’ என்றேன்.

ஏன் சொன்னேன்? காய்ச்சலோடு சமைத்த நாள்களிலும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். அவள் ஒரு வருடமாகக் காத்திருந்த பயணம். ஒரு குறிப்பிட்ட ப்ராப்ளத்தில் கடைசி இரண்டு அசைவுகள்தான் அவளுக்கு மிச்சம். என் தலைவலியால் அது கெடக் கூடாது.

அன்று காலை அவள் அந்தப் பாறையில் ஏறினாள். விளிம்பைப் பிடித்த கை நழுவியது. அவள் விழுவது எனக்குத் தெரிந்தது. ஆனால், என் கைகள் நகரவில்லை. ஒரு நொடி தாமதம். பக்கத்தில் நின்ற நண்பர் பாய்ந்து தோளைத் தள்ளிவிட்டார். மெத்தையின் ஓரத்தில் விழுந்தாள். அவள் தலைக்கும் ஒரு கூரான கல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

எழுந்தவள் என்னைத் திட்டவில்லை. முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ‘‘காலையில டீ குடிச்சியாம்மா?’’

குடிக்கவில்லை. நான் டீயை வேண்டாம் என்று சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

‘‘தலை வலிக்குதா?’’

‘‘கொஞ்சம்.’’

‘‘எப்பலேருந்து?’’

நான் பதில் சொல்லவில்லை. அவள் ஷூவைக் கழற்றிவிட்டு மெத்தையை மடிக்க ஆரம்பித்தாள்.

கீழே இறங்க, மேலே ஏறிய காலம்

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை. உயரத்தால் வரும் சுகவீனத்தின் பாடப்புத்தக அறிகுறிகள் இவை. இந்த நிலையில் மேலும் உயரத்துக்குப் போகவே கூடாது. கவனிக்காமல் விட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது முதல் மருந்து, கீழே இறங்குவதுதான். 

சத்ருவில் எங்கள் போன் எதிலும் சிக்னல் இல்லை. தாபாக்காரரிடம் சொன்னதும், மணாலி போகும் ஒரு வண்டியை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். வழியில் அந்த டிரைவர் சொன்ன விஷயத்தை நான் மறக்க மாட்டேன். முன்பெல்லாம் சத்ருவில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் மணாலிக்கு இறங்க, முதலில் 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். மூச்சுத் திணறுபவரை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோய்த்தான் காப்பாற்ற முடியும்! பனிக்காலத்தில் கணவாய் மூடிவிட்டால் லாஹௌல் மக்களுக்கு அவசரத்துக்கு ஹெலிகாப்டர்தான் வழி. 

2020 அக்டோபர் 3 அன்று, 9.02 கி.மீ நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. எங்கள் வண்டி பத்து, பதினைந்து நிமிடங்களில் மலையின் அடிவயிற்றைக் கடந்துவிட்டது. சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் அந்தச் சுரங்கம், அந்த ஊர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி.

மணாலி வந்து சேர்ந்த அன்று மாலையே தலைவலி பாதியாகக் குறைந்தது. மறுநாள் காலை நானே டீ கேட்டு வாங்கிக் குடித்தேன். ‘‘உன் பாறையைக் கெடுத்துட்டேன்ல’’ என்றேன். 

‘‘கல் எங்கம்மா போகப்போகுது?’’ என்றாள். ‘‘நீ சொல்லாம இருந்ததுதான் எனக்குக் கோபம். உன் கையை நம்பித்தானே மேல ஏறினேன்?’’

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலியை மறைப்பதைத் தியாகம் என்றே நினைத்து வந்திருக்கிறேன். பாறைக்கு அடியில் நிற்கும்போது அது தியாகம் இல்லை. மேலே இருப்பவரை ஏமாற்றுவது.

மருத்துவரிடம் காட்டி, முழுசாகச் சரியானதும் கடைசி நாளில் பகலுக்கு மட்டும் சத்ரு போனோம். இந்த முறை பாறைக்கு அடியில் நிற்கும் முன்பு மகள் கேட்டாள்: ‘‘எப்படி இருக்கே?’’ ‘‘லேசா மூச்சு வாங்குது, தலைவலி இல்லை, பசிக்குது’’ என்றேன். ‘‘ம்ம்... இப்படிச் சொல்லு’’ என்று சிரித்துக்கொண்டே ஏறினாள். 

கடைசி அசைவில் விரல் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. கொஞ்சம் முயன்றிருந்தால் முடித்திருக்கலாம் என்றார்கள் நண்பர்கள். அவள் மெத்தையைப் பார்த்துக் குதித்துவிட்டாள். விழும்போது என் கை அவள் முதுகில் சரியான இடத்தில் பட்டது. நான் பிடிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு...

* செப்டம்பர் நல்ல மாதம். மழை ஓய்ந்திருக்கும், காற்று உலர்ந்து குளிர்ந்திருக்கும். கிளம்பும் முன்பு சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* புதியவர்கள் முதலில் ஊரில் உள்ளரங்கச் சுவரில் ஏறவும், முக்கியமாக விழவும் பழகுங்கள். சத்ரு போனாலும் அனுபவசாலிகளோடு, எளிய பாறையில் ஆரம்பியுங்கள். பாறை உச்சியிலிருந்து இறங்கும் வழியை ஏறும் முன்பே பார்த்துவையுங்கள்.

* மணாலியில் இறங்கியதும் நேராக மேலே போகாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே டிக்கெட் போடுங்கள்.

* வண்டி ஒன்று கைவசம் இருக்கட்டும். பாறையிலிருந்து விழுந்து கணுக்கால் பிசகினால்கூட, எலும்பு டாக்டர் பல மணி நேரத் தொலைவில் இருக்கிறார்.

* மந்திரம் செதுக்கிய கற்கள், கொடி கட்டிய பாறைகள் வழிபாட்டுக்கு உரியவை. அவற்றில் ஏறாதீர்கள். இடையர்கள் தங்கும் பாறையடியைக் கலைக்காதீர்கள். பவுடர் தடத்தை பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

* தலை வலித்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். முக்கியமாக, அம்மாக்கள்!